பெரியவர் கையில் செல்போன்



மணிலாவுக்கு ஜிப்சம் போடுவதைப் பற்றியோ, உளுந்தில் வரும் மஞ்சள் தேமல் நோயைப் பற்றியோ பேச வேண்டியவர், செல்போனைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. பனமலைப் பக்கத்தில் எந்த வயலுக்குப் போனாலும் இன்றைக்கு என் எதிரில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் புதுச்சேரிக் கம்பெனிகளிலும் இருக்கிறார்கள். நிலத்தைப் பார்ப்பது தாத்தாவும் ஆயாவும். எந்தக் கொல்லைக்கு எப்போது தண்ணீர், யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி, போன பட்டத்தில் எந்த விதை ஏமாற்றியது என்ற கணக்கெல்லாம் அந்த இரண்டு தலைக்குள்தான் இருக்கிறது. அந்தத் தலை தெளிவாக இருக்கிற வரைக்கும்தான் கணக்கும் இருக்கும், கொல்லையும் இருக்கும். ஆகவே இதுவும் விவசாயப் பேச்சுதான்.

இந்தப் பேச்சுக்கு வழி வைத்தது இரண்டு கேள்விகள். ஒரு பெரியவர் கேட்டார்: "சார், இந்தப் போனைப் பாத்துக்கினே இருந்தா மூளை மழுங்கிப் போயிடும்னு சொல்றாங்களே, நெசமா?" அதே வாரம் இன்னொரு வீட்டில் பேரப்பிள்ளை சொன்னான்: "தாத்தா நெட் பாத்தா ஞாபக சக்தி வளரும்னு போட்டிருக்கான் சார்." இரண்டு செய்தியும் வந்தது அதே செல்போனில்தான்! எதை நம்புவது?

முதலில் மறதி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடுவது, பக்கத்து ஊர் சம்பந்தியின் பெயர் சட்டென்று வாயில் வராமல் பிறகு நினைவுக்கு வருவது, இதெல்லாம் வயதின் வேலை. நோய் என்பது வேறு. நாற்பது வருடம் நடந்த வரப்பிலேயே வழி தெரியாமல் நிற்பது, ரூபாய் எண்ணத் தடுமாறுவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா இல்லையா என்று ஒரே காலையில் நாலு தடவை கேட்பது, இவை முதுமை மறதி நோயின் அடையாளங்களாக இருக்கலாம். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றும் பிற நிறுவனங்களோடு சேர்ந்து நாடு முழுக்க ஆயிரக்கணக்கான முதியவர்களைச் சோதித்து, 2023-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குக் கொஞ்சம் மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்பது அந்தக் கணக்கு. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றுக் குறைவு. பெண்களில் ஒன்பது பேர். இந்தக் கடைசி விவரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது செல்போன் விஷயம். அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து விசாரித்து வரும் ஓர் ஆய்வு இருக்கிறது. அதிலிருந்து, ஆரம்பத்தில் மறதி நோய் இல்லாத 18,154 பேரின் விவரத்தை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் 50-க்கும் 65-க்கும் இடைப்பட்ட வயது. இன்டர்நெட்டை வழக்கமாகப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டு, சிலரைப் பதினேழு வருடம் வரை கவனித்தார்கள். வழக்கமாகப் பயன்படுத்தியவர்களுக்கு மறதி நோய் வந்தது மற்றவர்களுக்கு வந்ததில் ஏறக்குறையப் பாதிதான் என்று 2023-ல் எழுதினார்கள். படிப்பு, ஆண் பெண், இனம் என்று பிரித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் மறையவில்லை. 2025-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இரண்டு பேராசிரியர்கள், பல நாடுகளில் நடந்த 57 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, நாலு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரத்தை அலசினார்கள். கம்ப்யூட்டர், செல்போன், இன்டர்நெட் பழகிய முதியவர்களிடம் அறிவுத் தளர்ச்சி குறைவாகவே தெரிந்தது. போனால் மூளை மழுங்கும் என்பதற்கு அந்த முதியவர்கள் கணக்கில் சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் பேரன் சொன்னது சரி என்று கைதட்டிவிடாதீர்கள். இங்கேதான் விவசாயி மூளையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஊரில் ஒருவர் புது மணிலா ரகம் போட்டு நல்ல மகசூல் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ரகத்தால் வந்த விளைச்சலா? இருக்கலாம். ஆனால் புது ரகத்தைத் தேடிப் போய் வாங்குகிறவர் யார்? கேணியில் தண்ணீர் உள்ளவர், காலத்தில் களை எடுப்பவர், தொழு உரம் நிறைய வைத்திருப்பவர், நாலு பேரிடம் கேட்டுச் செய்பவர். அவர் பழைய ரகம் போட்டிருந்தாலும் மற்றவர்களைவிட ரெண்டு மூட்டை கூடத்தான் எடுத்திருப்பார். அதனால்தான் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில், ஒரே நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, புதியதையும் பழையதையும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் மாற்றி மாற்றி விதைத்துப் பார்க்கிறார்கள். அப்போதுதான் ரகத்தின் குணம் எது, ஆளின் கைப்பக்குவம் எது என்று பிரிந்து தெரியும்.

இன்டர்நெட் ஆய்விலும் இதே சிக்கல் உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் போனை எடுத்துத் தேடுகிறவர் ஏற்கெனவே சுறுசுறுப்பான மனுஷராக இருப்பார். கையில் கொஞ்சம் காசு இருக்கும், கண் தெரியும், பேசிப் பழக ஆள் இருக்கும். இன்னொரு பக்கம், மறதி உள்ளுக்குள் தொடங்கிவிட்டவர், வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே இது நமக்குச் சரிப்படாது என்று போனை ஒதுக்கி வைத்திருப்பார். அப்போது போன் இல்லாததால் மறதி வந்ததா, மறதியால் போன் போனதா? ஆராய்ச்சிக்காரர்கள் இதையெல்லாம் கழித்துக் கணக்குப் போடத்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் முழுதாகக் கழிக்க முடியாது. ஆகவே செல்போன் மறதிக்கு மருந்து என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பழகுவதில் பாதகம் இல்லை, நன்மை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவ்வளவுதான் சொல்லலாம்.

நன்மை எந்த வழியாக வரக்கூடும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். நம் பனமலை ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நன்றாக நிரம்பிய ஏரி, பங்குனி சித்திரை வெயிலில் எவ்வளவு சுண்டினாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தூர்ந்துபோய் அரை ஏரியாக நின்றது மாசியிலேயே மண்ணைக் காட்டும். வெயில் ரெண்டுக்கும் ஒன்றுதான். மூளையும் அப்படித்தான் என்கிறார்கள். வயதானால் எல்லாருக்கும் சேதாரம் உண்டு. வாழ்நாள் முழுக்கப் புதிது புதிதாகக் கற்றவரிடம் சேமிப்பு அதிகமாக இருப்பதால், அந்தச் சேதாரம் வெளியே தெரிவது தள்ளிப்போகிறது. பள்ளிக்கூடப் படிப்பு மட்டும்தான் சேமிப்பு என்று நினைக்க வேண்டாம். ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்துக்கு வந்த 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. எழுத்தே தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை! அந்த ஆயாக்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே சேமித்து வைத்திருக்கிறார்கள்.

இன்டர்நெட்டில் தேடும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று கலிபோர்னியாவில் 2008 வாக்கில் 24 முதியவர்களைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் பழகியவர்கள், பாதிப் பேர் பழகாதவர்கள். சும்மா வாசிக்கும்போது இரு சாராரின் மூளையும் ஒன்றுபோலத்தான் வேலை செய்தது. தேடும்போது, பழகியவர்களின் மூளையில் முடிவெடுக்கும் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. பழகாதவர்களும் சில நாள் தினம் ஒரு மணி நேரம் பயிற்சி எடுத்த பிறகு ஏறக்குறைய அதே நிலைக்கு வந்தார்கள். 24 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனால் ஒரு குறிப்பு கிடைக்கிறது. எதைத் தேடுவது, வந்த பத்துப் பதிலில் எது உண்மை, எதைத் தள்ளுவது என்று முடிவெடுப்பதுதான் மூளைக்கு வேலை. வந்ததை வந்தபடி வாய் பார்த்துக்கொண்டிருப்பதில் அந்த வேலை இல்லை.

இது ஒன்றும் நமக்குப் புதிய பாடம் இல்லை. 1956-ல் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து புனே வட்டாரத்தில் சுமார் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தின. ஊருக்கு இருபது பேர் அளவில் ஒரு மன்றமாக உட்காருவார்கள். வாரம் இரண்டு முறை விவசாய நிகழ்ச்சியைக் கேட்பார்கள், கேட்டு முடித்ததும் தங்களுக்குள் விவாதிப்பார்கள். கேள், கலந்து பேசு, செய் என்பதே மன்றத்தின் விதி. முடிவில், மன்றம் அமைத்த ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்டது மிக அதிகம். ரேடியோ இருந்தும் மன்றம் இல்லாத ஊர்கள் மிகவும் பின்தங்கின. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆடுதுறை 27 நெல்லுக்கு ரேடியோ நெல் என்று பேர் வந்தது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரேடியோவில் கேட்டதை டீக்கடையில் வைத்து அலசி, வயலில் போட்டுப் பார்த்ததால் வந்த பேர் அது.

இன்டர்நெட்டும் நம் பக்கத்துக்கு அப்படித்தான் முதலில் வந்தது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக்கு அருகே வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றுக் கிராமங்களில் தகவல் நிலையங்களைத் திறந்தது. எம்பலத்தில் கோயில் இடத்திலேயே நிலையம் இருந்தது. ஊர்ப் பெண்களே நடத்தினார்கள். விலைவாசி, வானிலை, அரசுத் திட்டம் எல்லாம் தமிழில் கிடைத்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து டெலிபோனில் கூப்பிட்டுச் சுனாமியைச் சொன்னதும், அந்த நிலையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே கரையைவிட்டு விலக்கினார்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு குழாய் ஸ்பீக்கர், சுற்றி நாலு பேர் பேச்சு. இன்று ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. ஆனால் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்தாலும் நாலு பேரும் குனிந்த தலை நிமிராமல் இருக்கிறார்கள். இதை நான் குறையாகத்தான் பார்க்கிறேன்.

இப்போது தாய்மார்கள் விஷயத்துக்கு வருவோம். மறதி நோய் பெண்களிடம் அதிகம் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு ஒரு பெரிய காரணம், அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்காமல் விட்டது. ஏரியை அப்போதே நிரம்ப விடவில்லை. இன்றைக்குப் போனிலும் அதே கதை நடக்கிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரை உள்ள கிராமத்து ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு முறையாவது இன்டர்நெட்டைப் பயன்படுத்தியிருந்தார்கள். கிராமத்துப் பெண்களில் கால்வாசிப் பேர்தான். வயதான பெண்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை! வீட்டில் ஆயாவைக் கேட்டால், "எனக்கு இன்னாத்துக்குப்பா அதெல்லாம், பேரன் பாத்துக்குவான்" என்பார். பேரனும் நல்ல எண்ணத்தில்தான் பார்த்துக்கொள்கிறான். முதியோர் உதவித்தொகை வந்த மெசேஜை அவன் படிக்கிறான், கேஸ் சிலிண்டர் அவன் பதிகிறான், பி.எம். கிசான் விவரத்தையும் அவனே பார்க்கிறான். ஆயாவுக்கு வேலை மிச்சம். கூடவே, ஆயா யோசித்து முடிவெடுக்க வேண்டிய காரியம் வீட்டில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது. கணக்குப் பார்க்காத மனசு கணக்கை மறக்கும். சோறு போட்டு உட்கார வைப்பதுதான் மரியாதை என்று நாம் நினைக்கிறோம். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

படிக்காத பெண்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தேனி மாவட்டத்தைச் சொல்வேன். அங்கே விடியல் என்ற அமைப்பைச் சேர்ந்த மகளிர் குழுப் பெண்கள், வங்கிக் கடனில் ஆடும் வாங்கினார்கள், செல்போனும் வாங்கினார்கள். ஆடு வளர்ப்புப் பாடம் தினமும் குரல் செய்தியாகப் போனில் வந்தது. மேய்ச்சல் காட்டில் நின்றபடியே கேட்டார்கள், பிறகு குழுவில் பேசினார்கள். அப்போது இருந்தது பட்டன் போன்தான். இன்றைக்குப் போனில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் கேட்டாலே பதில் வருகிறது. எழுத்து ஒரு தடையே இல்லை.

எப்படிப் பழக்குவது? பேரப்பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: போனைப் பெரியவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். "குடு தாத்தா, நான் போட்டுத் தரேன்" என்று வாங்கினால், காரியம் நிமிடத்தில் முடிந்துவிடும், கற்றது ஒன்றும் இருக்காது. வாயால் சொல்லுங்கள், அவர் விரல் தொடட்டும். பத்துத் தடவை தவறான இடத்தைத் தொடட்டும், போன் ஒன்றும் வெடித்துவிடாது. எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு காரியம் போதும். முதல் வாரம் மகளுக்கு வீடியோ கால். அடுத்த வாரம் உழவன் செயலியில் விலை பார்ப்பது. செஞ்சி கமிட்டியில் நெல் என்ன விலை, திண்டிவனத்தில் மணிலா என்ன விலை என்று பார்த்து, எங்கே கொண்டுபோனால் வண்டிக் கூலி போக மிச்சம் என்று தாத்தாவே கணக்குப் போடட்டும். அதற்கடுத்த வாரம் பூச்சிமருந்து டப்பாவின் மேல் உள்ள பொடி எழுத்தைப் போட்டோ எடுத்து, விரலால் பெரிதாக்கிப் படிப்பது. கண் தெரியாமல் அளவு தவறி மருந்து கலக்குகிறவர்கள் நம்மில் நிறைய. இது மூளைக்கு மட்டும் இல்லை, உயிருக்கும் நல்லது.

மணிலா இலையில் புள்ளி விழுந்தால் படம் பிடித்து அனுப்பலாம். கிசான் கால் சென்டர் 1800-180-1551 என்ற எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம், காசு கிடையாது. கேட்ட பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். "இது செம்மண்ணுக்குச் சொன்னானா, நம்ம களிமண்ணுக்கும் ஒத்துவருமா? போன வருஷம் இப்படித்தானே அடிச்சோம், கேட்டுச்சா?" என்று பெரியவர் எதிர்க்கேள்வி போட வேண்டும். அந்த அனுபவம் எந்தச் செயலியிலும் கிடையாது. யூடியூபில் யாரோ ஒருவர் ஏக்கருக்கு இத்தனை லட்சம் லாபம் என்று சொல்வதைக் கேட்டுவிட்டு நிலத்தை மாற்றியமைக்கக் கிளம்பும் இளைஞர்களுக்கு, அந்த எதிர்க்கேள்வி ரொம்பத் தேவை.

எல்லாம் விவசாயமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் மலைமேல் தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் கட்டி 1300 வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே சுவரில் குடைக்குக் கீழே கால் மடக்கி நிற்கும் அம்மன் சித்திரத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். முட்டி வலியால் மேலே ஏறிப் பல வருடம் ஆன ஆயா, அதைப் போனில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் மலைமேல் நடந்ததையெல்லாம் பேத்திக்குச் சொல்லட்டும். சொல்வதைப் பேத்தி அதே போனில் குரலாகப் பதிவு செய்து வைக்கட்டும்.

இனி பயப்பட வேண்டிய பக்கம். பெரியவர்களிடம் போனைக் கொடுக்க வீட்டார் தயங்குவதில் நியாயம் இருக்கிறது, ஏமாற்றுக்காரர்கள் பெருத்துவிட்டார்கள். பி.எம். கிசான் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு செயலியை அனுப்புவார்கள், தொட்டு ஏற்றினால் வங்கிக் கணக்கு காலி. போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, உன்னைக் கைது செய்துவிட்டேன், வீட்டைவிட்டு நகராதே, பணம் அனுப்பு என்று மிரட்டுவார்கள். அப்படிப் போனிலேயே கைது செய்யும் சட்டம் நம் நாட்டில் கிடையவே கிடையாது. ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, மேனேஜர் என்றாலும் கூடாது. யார் அனுப்பினாலும் தெரியாத கோப்பைத் தொடக் கூடாது. அவசரப்படுத்துகிறவன் திருடன் என்று வைத்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. பயிர் செய்தால் பன்றி வரும் என்று யாரும் நிலத்தைக் கரம்பாகப் போடுவதில்லை, வேலிதான் போடுகிறோம்.

பணம் மட்டும் இல்லை, பொய்ச் செய்தியும் வருகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அந்த மாதிரி இரவில் போனில் வரும் சேதி அரசு அனுப்பியதா, எவனோ கிளப்பிவிட்டதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அனுப்பியது யார், என்றைக்கு அனுப்பியது என்று பார்க்கும் பழக்கத்தை மழை இல்லாத நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் பார்க்கலாம்? நான் சொன்ன அமெரிக்க ஆய்வில் ஒரு பகுதியினரிடம் மணிக்கணக்கையும் கேட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வரைக்கும் பயன்படுத்தியவர்கள்தான் நல்ல நிலையில் இருந்தார்கள். தொடவே தொடாதவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஆறேழு மணி நேரம் மூழ்கியவர்களுக்கும் கூடுதலாகத் தெரிந்தது, ஆனால் அவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் அறுதியிட்டுச் சொல்லவில்லை. தண்ணீர் பாய்ச்சுவதுபோலத்தான். இரவு சாப்பிட்ட பிறகு படுக்கையில் ரீல்ஸ் பார்க்கிற பழக்கம் ஆயாக்களுக்கும் வந்துவிட்டது. தூக்கம் கெட்டால் ஞாபகமும் கெடும். போனை நடையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

வரப்பில் நடப்பதை விட்டுவிட்டுப் போனோடு உட்காருவதென்றால் அந்தப் போனே வேண்டாம். உலக நிபுணர்கள் குழு ஒன்று 2024-ல் மறதி நோய்க்கு வழிவைக்கும், நம்மால் மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைப் பட்டியல் போட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, சாராயம், உடலுழைப்பு இல்லாமை, தனிமை எல்லாம் அதில் உண்டு. காது கேளாமையும் கண் மங்கலும்கூட உண்டு. காது கேட்காதவர் பேச்சிலிருந்து விலகுகிறார், விலகியவர் மனசு சுருங்குகிறது. அறுபது வயதானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்புரை இருந்தால் அரசு முகாமிலேயே அறுவை செய்துவிடலாம். கண் சரியானால் போனும் தெரியும், பூச்சியும் தெரியும்.

வீட்டில் யாருக்காவது நான் முதலில் சொன்ன அடையாளங்கள் தெரிந்தால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள், மந்திரிக்கவும் அழைத்துப் போகாதீர்கள். பி12 என்ற வைட்டமின் குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் மறதி வரும். இவை மருந்தால் சரியாகக் கூடியவை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். மனம் சம்பந்தமான யோசனைக்கு 14416 என்ற எண்ணிலும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும் இலவசமாகப் பேசலாம். எண்களை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆயாவையே போனில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் மார்கழிப் பட்ட மணிலாவுக்கு விதை நேர்த்தி செய்வதைப் பற்றிப் பேசுகிறேன். வணக்கம்.